பிள்ளைகளின் விவரம் பத்திரமாக இருக்கிறதா?

– ஒரு இல்லத்தரசி, முட்டம்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிய விவரம் எங்கள் ஊரில் இரண்டே இடங்களில்தான் இருக்கும். ஒன்று கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. இன்னொன்று பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. இரண்டும் தடித்த அட்டை போட்ட பெரிய புத்தகங்கள். பீரோவுக்குள் இருக்கும். பீரோவுக்கு ஒரு பூட்டு, அந்தச் சாவிக்கு ஒரு பொறுப்பாளர். யாருக்காவது பிறந்த தேதி வேண்டுமென்றால் நேரில் நடந்து போய், இன்னாருடைய மகள் என்று சொல்லி, என்ன காரியத்துக்கு என்று விளக்கித்தான் எழுதி வாங்க முடியும். காரணமில்லாமல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

இன்று நிலைமை என்ன? ஒரே ஒரு பிள்ளையின் விவரம் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு நாள் மத்தியானம் அடுப்பு வேலை முடிந்ததும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பள்ளிக் கல்வித்துறையின் 'எமிஸ்' கணினிப் பதிவில் இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. டியூஷன் டீச்சரின் செல்போனில் இருக்கிறது. பாடம் பார்க்கும் செயலியில் இருக்கிறது. 'ஒரு வகுப்பு இலவசம்' என்று சொல்லி நம்பர் வாங்கிய கம்பெனியில் இருக்கிறது. ஆதார் நகல் எடுத்த ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இதில் எதற்குப் பூட்டு இருக்கிறது, எதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நிறம் சரியாக இருந்தால்தான் விலை பேசுகிறோம். பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆனால் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, போட்டோ, ஆதார் எண், மதிப்பெண், நம் போன் நம்பர் ஆகியவற்றை மட்டும் யார் கேட்டாலும் அந்த நிமிஷமே அனுப்பி வைத்துவிடுகிறோம். இதுவும் வீட்டுக் காரியம்தான், சகோதரிகளே. ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட முடியாது. எங்கள் கடற்கரை ஊர்களில் ஆண்கள் ஆழ்கடலிலோ வளைகுடா நாடுகளிலோ இருப்பார்கள். பள்ளி விஷயம் முழுக்கத் தாயின் கையில், தாயின் செல்போனில்தான் நடக்கிறது.

கொரோனா கொண்டு வந்த பழக்கம்

இந்த வழக்கம் எப்போது இவ்வளவு பெருகியது என்று உங்களுக்கே தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திரும்பத் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல்! அந்த நாட்களில் பாடம் வீட்டுக்கு வந்தது.

அப்படி வந்ததில் கல்வித் தொலைக்காட்சியும் ஒன்று. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய அது, கொரோனா காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் உதவியது. அதில் ஒரு சௌகரியம் உண்டு. டி.வி.யை நாம் பார்ப்போம். பார்க்கிற பிள்ளையின் பேர் என்ன, எந்த வகுப்பு, அம்மாவின் நம்பர் என்ன என்று டி.வி. பெட்டி ஒருநாளும் கேட்டதில்லை. அதேபோல் 2021 அக்டோபரில் ஆரம்பித்த 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

செல்போன் அப்படியல்ல. அதில் பாடம் பார்க்கும்போது, அதுவும் நம்மைப் பார்க்கிறது. எந்தப் பிள்ளை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தப் பாடத்தை, எந்த ஊரில் இருந்துகொண்டு பார்த்தது என்பதெல்லாம் குறித்து வைக்கப்படுகிறது. பாடத்துக்கு அவசியமானதை மட்டும் குறித்துக்கொண்டால் தப்பில்லை. வாத்தியாரும் வருகைப் பதிவு எடுக்கத்தானே செய்கிறார்? அவசியத்துக்கு மேல் எடுப்பதும், எடுத்ததைப் பூட்டாமல் வைப்பதும், மூன்றாவது ஆளுக்குக் கொடுப்பதும்தான் பிரச்னை.

தீக்ஷாவில் நடந்தது என்ன?

நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக ஒரு சின்னச் சதுரம் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கியூ.ஆர். கோடு என்பார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் புதுப் பாடப் புத்தகங்கள் வந்தபோது இது வந்தது. செல்போனால் அதைப் படம் பிடித்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். அந்த வீடியோக்களைத் தருவது 'தீக்ஷா' என்ற செயலி. மத்திய அரசின் கல்வித்துறை 2017 செப்டம்பரில் தொடங்கியது. நல்ல காரியம்தான். கொரோனா சமயத்தில் நாடு முழுக்க 1 முதல் 12-ஆம் வகுப்பு வரை பிள்ளைகள் இதைப் பார்த்துப் படித்தார்கள்.

'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற மனித உரிமை அமைப்பு, கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் சிபாரிசு செய்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் இணையதளங்களையும் ஆராய்ந்து 2022 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் நூற்றுக்கு 89, பிள்ளைகளின் உரிமையைப் பாதிக்கிற, அல்லது பாதிக்கக்கூடிய விதத்தில் விவரங்களைக் கையாண்டதாக அதில் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் நம் தீக்ஷாவும் இருந்தது. பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறிந்துகொள்ளும் ஏற்பாடு அந்தச் செயலியில் இருந்ததாகவும், சில விவரங்கள் கூகுள் நிறுவனத்துக்குப் போனதாகவும் அறிக்கை கூறியது. ஏழாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க, பிள்ளை முட்டத்தில் இருக்கிறதா மதுரையில் இருக்கிறதா என்று தெரிய வேண்டிய அவசியம் என்ன? எனக்கு இதுதான் புரியவில்லை.

அதோடு முடியவில்லை. 2023 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. தீக்ஷா விவரங்கள் வைத்திருந்த ஒரு சேமிப்பிடம் ஓர் ஆண்டுக்கும் மேலாகப் பூட்டு இல்லாமல் திறந்தே கிடந்திருக்கிறது. இடம் தெரிந்த யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்ற நிலை. 10 லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் முகவரி அதில் இருந்தன. ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி, எந்தப் பாடத்தை எவ்வளவு தூரம் முடித்தார்கள் என்பதும் இருந்தன. செய்தி வெளியே வந்த பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

தனியார் கதையும் இதேதான். 2020-ல் 'அன்அகாடமி' என்ற பெரிய இணையக் கல்வி நிறுவனத்திலிருந்து விவரங்கள் திருடு போயின. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் போனதாக அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இதைப் படித்துவிட்டுச் செயலியே வேண்டாம் என்று பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிடாதீர்கள். அதற்காக நான் எழுதவில்லை. அரசாங்கமே நடத்தினாலும், நல்ல எண்ணத்தோடு நடத்தினாலும், நாம் கொடுக்கும் விவரம் ஒருநாள் வெளியே போகக் கூடும் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். அப்படித் தெரிந்தால் கை தானாகவே சுருங்கும்.

டொராண்டோ தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கதி

வசதியான நாடுகளில் இப்படி நடக்காது என்று நினைத்தால் அதுவும் தப்பு. நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் டொராண்டோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அமெரிக்காவிலும் பல பள்ளிகள் மாணவர் பதிவேட்டைப் 'பவர்ஸ்கூல்' என்ற கம்பெனியின் கணினி முறையில் வைத்திருந்தன. 2024 டிசம்பரில், திருடப்பட்ட ஒரு பாஸ்வேர்டை உபயோகித்து ஒருவன் உள்ளே புகுந்து கோடிக்கணக்கான மாணவர்களின் விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். பிடிபட்டவன் 19 வயதுக் கல்லூரி மாணவன்! 2025-ல் அவனுக்கு நான்கு வருஷ ஜெயில் தண்டனை கிடைத்தது. விவரங்களை அழித்துவிடுவதாகச் சொன்னதை நம்பிக் கம்பெனி பணம் கொடுத்தது. அப்படியும் சில மாதங்களில் பள்ளி நிர்வாகங்களுக்கு மறுபடி மிரட்டல் வந்தது.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒரு தகவல். டொராண்டோ பள்ளி நிர்வாகத்தில் போன விவரங்களில் 1985-ல் படித்த மாணவர்களுடையதும் இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அன்றைக்குப் பள்ளியில் இருந்த பிள்ளைக்கு இன்று ஐம்பது வயது ஆகியிருக்கும். அம்மா எழுதிக் கொடுத்த வீட்டு முகவரியும், மருத்துவ அட்டை எண்ணும் நாற்பது வருஷம் கழித்துத் திருடன் கைக்குப் போகிறது என்றால் பாருங்கள். பள்ளியில் நாம் நிரப்பும் ஒரு பாரம், பிள்ளை பெரியவளாகி, அவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் எங்கேயோ உயிரோடு இருக்கிறது.

அதில் வெறும் பெயரும் தேதியும் மட்டுமா இருக்கிறது? எந்தச் சாதி, வீட்டு வருமானம் எவ்வளவு, எந்த வருஷம் எந்தப் பாடத்தில் தோற்றது, என்ன நோய்க்கு மருந்து சாப்பிடுகிறது என்பதெல்லாம் சேர்ந்துகொண்டே போகிறது. எட்டு வயதில் படிப்பில் மந்தமாக இருந்த பிள்ளை பதினெட்டு வயதில் கெட்டிக்காரியாக மாறுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். எழுதி வைத்த பதிவு மாறாது. பிள்ளை தன் சம்மதத்தைச் சொல்லத் தெரியாத வயதில், அவளுக்குப் பதிலாக நாம்தான் சம்மதம் சொல்கிறோம். ஆகவே நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வெளியே போன விவரம் என்ன செய்யும்?

"எங்க பிள்ளையோட பேரும் வகுப்பும் தெரிஞ்சு எவனுக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் காலையில் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எக்கா, ஒருத்தன் போன் போட்டு எனக்க மொவளுக்க பேரு சொல்லுதான், வகுப்பு சொல்லுதான், பள்ளிக்கூடம் சொல்லுதான், அவளுக்க அப்பா பேரும் சொல்லுதான். ஸ்காலர்ஷிப் பணம் வந்திருக்காம். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லணுமாம். கவர்மென்ட் ஆளு இல்லேன்னா இவ்வளவும் எப்பிடித் தெரியும்?"

நல்லவேளை, அவள் நம்பரைச் சொல்லவில்லை. "பிள்ளைக்க அப்பா கடலுக்குப் போயிருக்காரு, கரைக்கு வந்த பொறவு பேசுங்க" என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறாள். அதற்குள் மூன்று தரம் திரும்பக் கூப்பிட்டுவிட்டான். இன்றைக்கே சொல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்று அவசரப்படுத்தியிருக்கிறான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டால், அப்படி யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை என்றார்கள்.

அந்த மோசடிக்காரனுக்கு மூலதனமே பிள்ளையின் பெயரும் வகுப்பும்தான். சும்மா ஒருவன் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்டால் நாம் திட்டிவிட்டு வைத்துவிடுவோம். பிள்ளையின் பெயரைச் சொன்னதும் நம் மனம் இளகுகிறது, நம்பிக்கை வருகிறது. உதவித்தொகை பெயரில் நடக்கும் இந்த ஏமாற்று வேலையைப் பற்றித் தமிழகக் காவல்துறையே எச்சரித்திருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நம் கணக்குக்குப் பணம் வருவதற்கு ஓ.டி.பி.யோ ரகசிய பின் நம்பரோ தேவையே இல்லை. கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். பேரே கேள்விப்படாத கல்லூரிகளிலிருந்தெல்லாம் போன் வரும். பிள்ளையின் பெயரைச் சொல்லி, என்ன குரூப் என்றும் சொல்லுவார்கள். அந்த விவரம் யாரோ கொடுத்து, அல்லது விற்றுத்தானே அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும்? 2022 டிசம்பரில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் அன்றைய தலைவர், 'பைஜூஸ்' என்ற இணையக் கல்வி நிறுவனம் பிள்ளைகள், பெற்றோரின் போன் நம்பர்களை வாங்குவதாகக் குற்றம் சாட்டினார். நிறுவனம் அதை மறுத்தது. உண்மை எப்படியோ, நம் போன் நம்பருக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அடையாளமே வேண்டாமா?

அப்படியென்றால் எதையும் யாருக்கும் கொடுக்கக் கூடாதா? அதுவும் சரியல்ல. கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு அடையாளச் சீட்டின் அருமை நன்றாகத் தெரியும். 2008-ல் மும்பைத் தாக்குதல் நடந்த பிறகு மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை கொடுத்தார்கள். கடலில் போகிறவருக்கு அது வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. யார் யார் போனார்கள் என்று பேர் எழுதுவதும், டி.என்.ஏ. சோதனை செய்து உடலை அடையாளம் காண்பதும் எவ்வளவு பெரிய பாடாக இருந்தது என்பதை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். அதனால் பதிவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவசியமான இடத்தில் சரியான பதிவு வேண்டும். அவசியமில்லாத இடத்தில் ஒரு எழுத்துகூட வேண்டாம்.

ஆதாரை எடுத்துக்கொள்வோம். அந்தரங்கம் என்பது ஒவ்வொருவருக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தார்கள். அடுத்த வருஷம், 2018 செப்டம்பர் 26-ல், ஆதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. பள்ளியில் சேர்க்க ஆதார் கட்டாயமில்லை, ஆதார் இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். பிள்ளைக்கு ஆதார் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 18 வயது நிறைந்ததும், ஆறு மாதத்துக்குள் பிள்ளையே விண்ணப்பித்துத் தன் ஆதாரை ரத்து செய்யவும் 2019-ல் வந்த சட்டத்திருத்தம் இடம் தருகிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம்.

'அபார்' என்று 12 இலக்கத்தில் மாணவர்களுக்கு இன்னொரு அடையாள எண்ணையும் மத்திய அரசு 2023-ல் கொண்டு வந்தது. மதிப்பெண்ணும் சான்றிதழும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் என்பது அதன் நோக்கம். அதற்கும் பெற்றோர் கையெழுத்திட்டுச் சம்மதம் தர வேண்டும். சம்மதம் என்ற சொல்லுக்கு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு என்றுதான் அர்த்தம். படித்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

2023 ஆகஸ்டில் 'டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்' என்று ஒன்று வந்தது. பெயர்தான் நீளம். விஷயம் நமக்குப் புரியக்கூடியதுதான்.

18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைகள். அவர்களுடைய விவரத்தை எடுக்கப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதோ, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதோ கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். என்ன விவரம், எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லும் அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு. கொடுத்த விவரத்தைத் திருத்தச் சொல்லலாம். வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்கள் முக்கியமான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. படிப்புக்காகவும் பிள்ளையின் பாதுகாப்புக்காகவும் பள்ளிக்கூடங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, நாம் கேட்டால்தான் அதற்கு உயிர் வரும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. பேங்க் கணக்கு, கேஸ், ரேஷன் எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பரைத்தான் நாம் கொடுத்திருக்கிறோம். பிள்ளையின் செயலிக்கும் அதையே கொடுக்க வேண்டாம். வீட்டில் இரண்டு நம்பர் இருந்தால், பேங்கில் பதியாத நம்பரைப் படிப்புக் காரியத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

2. கணக்குத் திறக்காமலே பார்க்க முடிகிற பாடத்தை அப்படியே பாருங்கள். புத்தகத்துச் சதுரத்தை ஸ்கேன் செய்து தீக்ஷாவில் பாடம் பார்க்க, பெயர் பதிந்து உள்ளே போக வேண்டிய அவசியமில்லை.

3. புதுச் செயலியைப் போட்டதும், "இருப்பிடத்தை அறியலாமா? போட்டோக்களைப் பார்க்கலாமா? போன் நம்பர்களைப் பார்க்கலாமா? மைக்கை உபயோகிக்கலாமா?" என்று வரிசையாகக் கேட்கும். சரி, சரி என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற செயலிக்கு நம் வீட்டுப் போன் நம்பர்கள் எதற்கு? முன்பே சரி என்று தட்டியிருந்தாலும், செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பெயரைத் தொட்டு அனுமதியை நிறுத்திவிடலாம். வருஷக் கடைசியில் உபயோகமில்லாத செயலிகளை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் உள்ளே போய்க் கணக்கையும் நீக்குங்கள். செயலியை மட்டும் எடுத்தால் விவரம் அவர்களிடமே தங்கிவிடும்.

4. ஆதார் நகல் கொடுக்க வேண்டி வந்தால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த நகலை ஆதார் இணையதளத்தில் எடுக்கலாம். பல இடங்களில் அதுவே போதும். முழு நகல்தான் வேண்டும் என்றால், அதன் மேல் குறுக்காக 'இந்தப் பள்ளி உதவித்தொகைக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

5. ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் இரண்டிலும் ஜாக்கிரதை. திங்கள்சந்தையிலோ குளச்சலிலோ கடைக்காரர் வாட்ஸ்அப்புக்குச் சான்றிதழை அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். பிரிண்ட் நம் கைக்கு வரும், படம் அங்கேயே இருக்கும். "அண்ணே, அதை அழிச்சிடுங்க" என்று சொல்லி, அழிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கேட்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

6. கல்லூரி விண்ணப்பம் போடும்போது இது இன்னும் முக்கியம். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்தில்தான் நடக்கிறது. கடைக்காரரின் நம்பரையும் மின்னஞ்சலையும் போட்டு விண்ணப்பித்தால், பின்னால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். பாஸ்வேர்டு இன்னொருவருக்குத் தெரிந்தால் விருப்பக் கல்லூரிப் பட்டியலையே மாற்றிவிட முடியும். பன்னிரண்டு வருஷப் படிப்பு ஒரு நிமிஷத்தில் வேறு பக்கம் போய்விடும். பிள்ளையின் பெயரிலேயே மின்னஞ்சல் தொடங்கி, பாஸ்வேர்டைப் பிள்ளையே போடட்டும். வீட்டில் ஒரு நோட்டில் எழுதிச் சான்றிதழ்களோடு வையுங்கள். கடைக்காரர் நோட்டில் எழுத வேண்டாம்.

7. ஹால் டிக்கெட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருக்கின்றன. அந்த இரண்டும் இருந்தால் பரீட்சை முடிவு இணையதளத்தில் யாரும் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கலாம். முதல் மூன்று இடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தைப் பிள்ளைகளின் மன நலம் கருதி 2017-ல் தமிழக அரசே நிறுத்திவிட்டது. நாம் மட்டும் ஏன் பிள்ளையின் மார்க்கை ஊர் முழுக்க அனுப்ப வேண்டும்? பிறந்தநாளுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் பெண்பிள்ளையின் பெரிய போட்டோ, பெயர், பள்ளி எல்லாம் போட்டு ரோட்டில் பேனர் கட்டுவதும் இதில் சேர்ந்ததுதான்.

8. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கையும், உதவித்தொகைப் பட்டியலையும் ஒரே தாளில் போட்டால், டீச்சரிடம் தனியே பணிவாகச் சொல்லுங்கள். "மிஸ், அவங்கவங்க மார்க்கை அவங்கவங்களுக்கு மட்டும் அனுப்பினா நல்லது" என்றால் புரிந்துகொள்வார்கள். ஆசிரியர்களுக்கும் எத்தனையோ விவரம் கேட்டு மேலிருந்து நெருக்கடி. நாம் சண்டை போட வேண்டியதில்லை.

9. பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். "மக்கா, தெரியாத ஆளு வீட்டு வாசல்ல நின்னு அப்பாக்க பேரு கேட்டா என்ன செய்வே? போன்ல கேட்டாலும் அதேதான்" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பாஸ்வேர்டு என்பது பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி. நெருங்கிய சிநேகிதிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் ஏமாந்துபோவதுண்டு. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். பிள்ளையின் போட்டோவை யாராவது தவறாக உபயோகித்தால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பள்ளி சம்பந்தமான சந்தேகங்களுக்குத் தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. இந்த மூன்று எண்ணையும் காலண்டர் ஓரத்தில் இப்போதே எழுதி வையுங்கள். அப்படி ஏதாவது நடந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை நம்மிடம் சொல்லாது. அது இன்னும் பெரிய ஆபத்து.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் பாரம் ஒன்று வீட்டுக்கு வரும். அவசர அவசரமாக ஸ்கூல் பையைக் கட்டும்போது, "அம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்று பிள்ளை நீட்டும். அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்காகக் கேட்கிறார்கள்? யாரெல்லாம் பார்ப்பார்கள்? வேலை முடிந்த பிறகு என்ன செய்வார்கள்? பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே நடந்து போய்க் கேளுங்கள். பெற்ற தாய் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.